குழந்தைப் பேச்சும் நரம்பியலும்: ஸ்பீச் தெரபி மாணவர்களுக்குக் குமரி மாவட்டத்தில் இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பிஏஎஸ்எல்பி (கேட்டல், பேச்சு-மொழி சிகிச்சைக்கான இளநிலைப் பட்டம்) படிப்பில் நரம்பியல் ஒரு பேப்பர், குழந்தை வளர்ச்சி இன்னொரு பேப்பர். இரண்டு நோட்டு, இரண்டு தேர்வு. நாகர்கோவிலில் இருந்தும் மார்த்தாண்டத்தில் இருந்தும் திருவனந்தபுரம் ஆக்குளத்து நிஷ், மைசூரு ஐஷ் (இரண்டும் பேச்சு, கேட்டல் துறை நிறுவனங்கள்), சென்னைக் கல்லூரிகள் என்று போய்ப் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "மண்டை நரம்பு பன்னிரண்டும் மனப்பாடம். ஆனா ரெண்டு வயசுப் பிள்ளை பேசலைன்னு கூட்டிட்டு வந்தா எங்கே ஆரம்பிக்கணும்னு பிடிபடல்லை."

பிடிபடாததற்குக் காரணம், இரண்டு பேப்பரையும் தனித்தனியாகப் படிப்பது. எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும். இது நரம்பு மண்டலத்தில் எங்கே நடக்கிறது? இந்த வயதில் இது நடக்க வேண்டியதா, போயிருக்க வேண்டியதா, இன்னும் வர வேண்டியதா? இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டு கேள்விகளின் மேல்தான் போகிறது.

படி 1: நோட்டை இரண்டாகப் பிரியுங்கள்

இடப்பக்கம் "எங்கே", வலப்பக்கம் "எப்போது". ஒவ்வொரு அறிகுறியையும் இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

மல்லாந்து கிடக்கும் குழந்தை தலையை வலப்பக்கம் திருப்பினால் வலக்கை நீள்கிறது, இடக்கை மடங்குகிறது. இரண்டு மாதக் குழந்தையிடம் இதைப் பார்த்தால் சந்தோஷப்படலாம். மூளைத்தண்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். சுமார் ஆறு மாதத்துக்குள் மேல்மூளையின் கட்டுப்பாடு வளர்ந்து இந்த அனிச்சைச் செயல் அடங்கிவிட வேண்டும். பத்து மாதக் குழந்தையிடம் அப்படியே இருந்தால் பெருமூளை வாதம் (வளரும் மூளை பாதிக்கப்பட்டு உடல் அசைவு கெடும் நிலை) இருக்கிறதா என்று நரம்பியல் மருத்துவர் பார்த்தாக வேண்டும். உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே எழும்பும் பாபின்ஸ்கி குறியும் இப்படித்தான். கைக்குழந்தைக்கு இயல்பு, பெரியவருக்கு நோய்க்குறி. வயதை எழுதாமல் அறிகுறியை மட்டும் எழுதின நோட்டால் பிரயோஜனம் இல்லை.

படி 2: ஒரு பேச்சின் வழியைக் கடைசி வரை பின்தொடருங்கள்

மூளையின் படத்தைப் பார்த்து உறுப்புகளின் பெயரை ஒப்பிப்பதைவிட, ஒரு சின்னக் கேள்வி காதில் விழுந்து பதில் வாயில் வரும் வரை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பது நல்லது. "சாயா வேணுமா?" என்று ஒருவர் கேட்கிறார். "வேண்டாம்" என்று பதில் வருகிறது. நடுவில் என்ன நடந்தது?

சத்தம் செவிப்பறையை அசைத்து, மூன்று சிற்றெலும்புகள் வழியாக நத்தை வடிவ உள்காதான காக்லியாவுக்குள் போகிறது. அங்கே முடிச்செல்கள் அதை மின்துடிப்பாக மாற்றுகின்றன. எட்டாவது மண்டை நரம்பு அதை மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகிறது. மூளைத்தண்டில் இருந்தே இரண்டு காதின் தகவலும் இரண்டு பக்கமும் கலக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஒரு பக்கக் கார்டெக்ஸ் (பெருமூளையின் மேலடுக்கு) மட்டும் பாதிக்கப்பட்டால் எந்தக் காதும் முழுச் செவிடாகிவிடுவதில்லை. பிறகு நடுமூளை, தாலமஸ் என்று ஏறி பெருமூளையின் பக்கவாட்டு டெம்போரல் மடலில் உள்ள கேட்டல் பகுதியை அடைகிறது. அதன் அருகே வெர்னிக்கே பகுதி. 1874-ல் கார்ல் வெர்னிக்கே விவரித்தது இதைத்தான்: இங்கே அடிபட்டால் பேச்சு சரளமாக ஓடும், பொருள் இருக்காது, கேட்பதும் புரியாது.

பதிலைத் தயாரிப்பதில் பெருமூளையின் முன்மடலின் கீழ்ப்பகுதிக்குப் பெரும் பங்கு. 1861-ல் பால் புரோக்கா, "டான்" என்ற ஒரே அசையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் மூளையைப் பரிசோதித்து இந்த இடத்தைக் காட்டினார். அதே மூளையைப் பல வருடம் கழித்து எம்ஆர்ஐயில் வைத்துப் பார்த்தபோது பாதிப்பு இன்னும் ஆழத்துக்குப் போயிருந்தது தெரிந்தது. ஆகவே "புரோக்கா பகுதி பேச்சு, வெர்னிக்கே பகுதி புரிதல்" என்ற ஒற்றை வரி பரீட்சைக்கு உதவும், நோயாளியிடம் அவ்வளவாக உதவாது. இடங்களோடு அவற்றை இணைக்கும் நார்க்கற்றைகளையும் படியுங்கள்.

அதற்கப்புறம் மோட்டார் கார்டெக்ஸ் உத்தரவு போடுகிறது. மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்லியா அசைவின் அளவைச் சீராக்குகிறது, சிறுமூளை நேரத்தையும் ஒத்திசைவையும் பார்த்துக்கொள்கிறது. உத்தரவு மூளைத்தண்டுக்கு இறங்கி, மண்டை நரம்புகள் வழியாக உதட்டுக்கும் நாக்குக்கும் குரல்வளைக்கும் போய்ச் சேர்கிறது. மூச்சுத் தசைகளுக்கு உத்தரவு தண்டுவடம் வழியாகப் போகும். இந்த வழியைப் பேப்பர் பார்க்காமல் வரைய முடிந்தால் பாதி நரம்பியல் முடிந்தது.

படி 3: மண்டை நரம்புகளை முகத்தில் படியுங்கள்

ஆங்கில நினைவுச் சூத்திரங்களை வைத்துப் பன்னிரண்டையும் ஒப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒப்பித்த பிள்ளையிடம் "நாக்கு கோணுதே, எந்த நரம்பு?" என்றால் முதலில் இருந்து எண்ணத் தொடங்கும். நமக்கு அன்றாடம் வேண்டியவை ஆறு. கண்ணாடி முன் நின்று அல்லது ஹாஸ்டல் தோழியின் முகத்தில் பாருங்கள்.

ஐந்தாவது நரம்பு: பல்லைக் கடிக்கச் சொல்லி, கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் தசை புடைப்பதைத் தொட்டுப் பாருங்கள். முகத்தின் தொடுஉணர்வும் இதன் பொறுப்பு. ஏழாவது: புருவத்தை உயர்த்து, கண்ணை இறுக மூடு, பல்லைக் காட்டு. எட்டாவது கேட்டலும் சமநிலையும். ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்டையையும் மென்அண்ணத்தையும் பார்க்கின்றன. "ஆ" சொல்லச் சொன்னால் உள்நாக்கு நேராக மேலே போக வேண்டும். ஒரு பக்கம் பலவீனம் என்றால் உள்நாக்கு நல்ல பக்கத்துக்கு இழுபடும். பன்னிரண்டாவது நரம்பு நாக்கு. நரம்பே அடிபட்டிருந்தால் நீட்டிய நாக்கு பலவீனமான பக்கம் சாயும். உள்நாக்கும் நாக்கும் எதிரெதிராக நடந்துகொள்கிற இந்த விஷயத்தில் மாணவர்கள் தவறாமல் குழம்புவார்கள். ஒருமுறை காரணத்தோடு யோசித்தால் மறக்காது: உள்நாக்கை நல்ல தசை தன் பக்கம் இழுக்கிறது, நாக்கை நல்ல தசை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது.

பத்தாவது நரம்பின் ஒரு கிளை இடப்பக்கத்தில் நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறிக் குரல்வளைக்கு வருகிறது. பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் ஆன குழந்தை கரகரத்த குரலில் அழுவதும், பால் குடிக்கையில் புரையேறுவதும் சில சமயம் இதனால்தான். வாயைப் பார்க்க வந்த நீங்கள் நெஞ்சில் தழும்பு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஏழாவது நரம்பில் இன்னொரு நுணுக்கம். நெற்றிக்குப் பெருமூளையின் இரண்டு பக்கத்தில் இருந்தும் உத்தரவு வரும், முகத்தின் கீழ்ப்பாதிக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருந்து மட்டுமே. அதனால் பிரச்சினை மூளையில் என்றால் நெற்றி சுருங்கும், வாய் கோணும். பிரச்சினை நரம்பிலேயே என்றால் இரண்டும் போகும். மேல்நிலை நியூரான் (பெருமூளையில் இருந்து இறங்குவது), கீழ்நிலை நியூரான் (அங்கிருந்து தசைக்குப் போவது) என்ற பாடம் முழுவதும் இந்த ஒரு முகத்தில் இருக்கிறது. மேல்நிலை பாதிப்பில் தசை இறுகும், பேச்சு இழுத்துப் பிடித்ததுபோல் வரும். கீழ்நிலையில் தசை தொய்ந்து மெலியும், குரல் காற்றாகப் போகும், மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். டிஸார்த்ரியா (நரம்புப் பாதிப்பால் பேச்சுத் தசை சரியாக அசையாமல் பேச்சு குழறுவது) வகைகளை இங்கிருந்து பிரித்துக்கொண்டு போகலாம்.

படி 4: மூளை வளரும் காலக்கோட்டை வரையுங்கள்

கரு உருவாகி நான்கு வாரத்துக்குள் நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. தாய்க்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரம் அது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்வது இதற்காக. கர்ப்பத்தின் 25-வது வாரத்தை ஒட்டி சிசுவுக்குக் காது கேட்கத் தொடங்குகிறது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை விரும்பிக் கேட்கும் என்பதை 1980-ல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள்.

பிறந்த பிறகு நியூரான்களுக்கு இடையே இணைப்புகள் அபரிமிதமாகப் பெருகும். கேட்டல் பகுதியில் இந்தப் பெருக்கம் சீக்கிரம் நடக்கும், திட்டமிடலுக்கான முன்மடலில் தாமதமாக. பயன்படும் இணைப்பு நிலைக்கும், பயன்படாதது கழியும். கூடவே ஒயருக்கு மேல் பிளாஸ்டிக் உறை போடுவதுபோல் ஆக்ஸான்கள் (நியூரானின் நீண்ட நார்கள்) மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படிந்து, துடிப்பு வேகமாகப் போகும். மூளைத்தண்டின் கேட்டல் பாதையில் இது முந்தி நடக்கும், மொழிப் பகுதிகளை இணைக்கும் நார்களில் குழந்தைப் பருவம் முழுக்க நீளும்.

இதன் விளைவு நம் தொழிலில் எங்கே தெரிகிறது? 1984-ல் வெர்கரும் டீஸும் செய்த ஆய்வைப் பாருங்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் இரண்டு வகை த-ட ஒலிகளைப் பிரித்து அறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிட்டது. வீட்டில் கேட்காத வேறுபாட்டை மூளை கைவிட்டுவிட்டது. ல, ள, ழ என்றும் ந, ன, ண என்றும் நெருக்கமாக ஒலிகளை வைத்திருக்கும் நம் மொழியில், முதல் வருடம் காது கேட்காமல் போகும் குழந்தை எதை இழக்கிறது என்று இதில் இருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வயது எப்படிக் கணக்கையே மாற்றும் என்பதற்கு இன்னொன்று. இடது பெருமூளையில் ரத்த ஓட்டம் தடைபட்டால் ஐம்பது வயதுக்காரருக்கு அஃபேசியா (மூளைப் பாதிப்பால் மொழித் திறன் கெடுவது) வரும், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். அதே இடத்தில் பிறக்கும்போதே பாதிப்பு நேர்ந்த குழந்தை தாமதமாகத் தொடங்கினாலும் பெரும்பாலும் நன்றாகவே பேசப் பழகிவிடும். மூளை வேறு இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. கதையைக் கோத்துச் சொல்வது, பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்வது போன்றவற்றில் குறை பள்ளிக்குப் போன பிறகே வெளியே தெரியலாம்.

படி 5: பேச்சின் மைல்கற்கள், நம்மூர் வீட்டு வழக்கோடு

இரண்டு மூன்று மாதத்தில் "ஊ", "ஆ" என்று கூவல். ஆறில் இருந்து பத்து மாதத்துக்குள் "பபப", "மமம". ஒன்பது மாதத்தை ஒட்டிப் பெயர் சொன்னால் திரும்பும். ஒரு வயதை ஒட்டி விரல் நீட்டிக் காட்டும், முதல் வார்த்தை வரும். இரண்டு வயதில் ஐம்பது வார்த்தையாவது இருக்கும், "அம்மா வா" என்று இரண்டைச் சேர்க்கும். மூன்று வயதில் வெளியாளுக்கு முக்கால்வாசி புரியும், நான்கில் அநேகமாக எல்லாம் புரியும். இதில் விரல் நீட்டுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தனக்குப் பிடித்ததை மற்றவருக்கும் காட்டி, அவர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பது வார்த்தைக்கு அடித்தளம். அது வரவில்லை என்றால் ஆட்டிசம் பற்றிய பரிசோதனையை நினைக்க வேண்டும்.

ஸ்கிரீனிங்குக்கு வெளிநாட்டுக் கருவிகளைத் தேடி அலைய வேண்டாம். பக்கத்தில் திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய டிடிஎஸ்சி என்ற வளர்ச்சிச் சோதனை அட்டவணையில் இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள்தான். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். அதற்கு இடப்பக்கம் வயது வரம்பு முழுதாக முடிந்துவிட்ட செயல்களில் எதையாவது குழந்தை செய்யவில்லை என்றால் மேல்பரிசோதனை வேண்டும். மொழிக்கென்றே அவர்கள் உருவாக்கிய லெஸ்ட் அட்டவணையும் இருக்கிறது. இவை வடிகட்டத்தான், நோயைத் தீர்மானிக்க இல்லை.

அப்புறம் வீட்டு வழக்கு. குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து 1956 நவம்பர் 1-ல் அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) இணைந்தது. இன்றும் களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் மலையாளமும் தமிழும் ஒரே வீட்டில் புழங்கும். அங்கே வளரும் குழந்தையின் வார்த்தைகளை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். "வெள்ளம்" என்றாலும் "தண்ணி" என்றாலும் குழந்தை கேட்கத் தெரிந்துகொண்டது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்று சொல்லி ஒரு மொழியை நிறுத்தச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. பாட்டி எந்த மொழியில் கொஞ்சுவாளோ அதை நிறுத்தினால் குழந்தைக்குப் பேச்சுத்தான் குறையும்.

ஒலிப்பிலும் அதே கவனம் வேண்டும். ப, ம, த, ந போன்றவை முந்தி வரும். ர, ற, ழ பிந்தி வரும், நாலைந்து வயது ஆகலாம். "வாளப்பளம்" என்று சொல்லும் ஏழு வயதுப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பதற்கு முன் அம்மாவை அதே வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவும் அப்படியே சொன்னால் அங்கே சிகிச்சைக்கு வேலை இல்லை.

படி 6: விவரம் கேட்பது

நம்மூரில் குழந்தையோடு பாட்டி வருவாள், அவள்தான் பேசுவாள். "அவனுக்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான் மக்களே, ஆம்பிளப் பிள்ளை பைய பேசும்." இதை மறுத்துப் பேசி அவளைப் பகைத்துக்கொள்வதால் லாபம் இல்லை. "சரி பாட்டி, அப்பாவுக்கு இப்போ காது நல்லா கேட்குமா? பள்ளிக்கூடத்தில எப்படிப் படிச்சாங்க?" என்று அதையே குடும்ப வரலாறாக மாற்றிக்கொள்ளுங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் ரத்த உறவு உண்டா என்றும் இந்த இடத்திலேயே இயல்பாகக் கேட்டுவிடலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் பரம்பரைச் செவிக்குறை வரும் வாய்ப்பு கூடுதல்.

பிறப்பு விவரத்தில் கேட்டாக வேண்டியவை: எத்தனையாவது வாரம், எடை, உடனே அழுததா, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்ததா, மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்களா, ரத்தம் மாற்றினார்களா, வலிப்பு வந்ததா. டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பாருங்கள். "கொஞ்சம் மஞ்சளா இருந்தான்" என்று வாயால் சொல்வது சீட்டில் வேறு மாதிரி இருக்கும்.

வீட்டில் குழந்தையோடு யார் பேசுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். அப்பா வளைகுடாவிலோ, தூத்தூர்க் கரையில் இருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகிலோ இருப்பார். அம்மா வேலைக்குப் போவாள். சோறு ஊட்ட போன் இருக்கும். இதைக் குற்றச்சாட்டாக்காமல், குழந்தை ஒரு நாளில் எத்தனை நேரம் மனிதக் குரலுக்கு மறுகுரல் கொடுக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

வசம்பைச் சுட்டு உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவும் வீடுகள் உண்டு. பேச்சு சீக்கிரம் வரும் என்பார்கள். வசம்பு பேச்சைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. தேனை ஒரு வயதுக்குள் எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது, பொட்டுலிசம் என்ற விஷநோய் வரலாம். இதை மட்டும் மென்மையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

படி 7: எதற்கும் முன்னால் காது

பேச்சு தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் முதல் பரிசோதனை கேட்டல். "கூப்பிட்டா திரும்புறான்" என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். பின்னால் நின்று தட்டைத் தட்டினால் குழந்தை திரும்பலாம். அந்தச் சத்தம் மிகப் பெரியது. "ச", "ஸ" போன்ற மெல்லிய ஒலிகள் அதன் காதில் விழுகிறதா என்று அது சொல்லாது. காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் கூவும், சிரிக்கும். "பபப" வரும் கட்டத்தில்தான் பின்தங்கும். அதுவரை வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரு மாதத்துக்குள் ஸ்கிரீனிங், மூன்று மாதத்துக்குள் நோய் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. இந்த 1-3-6 கணக்கை மனதில் வையுங்கள்.

மாணவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஓஏஈ (உள்காது திருப்பி அனுப்பும் ஒலியை அளக்கும் சோதனை) காக்லியாவின் வெளி முடிச்செல்களை மட்டும் பார்க்கும். கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தைக்கு அந்தச் செல்கள் நன்றாக இருக்கலாம், எட்டாவது நரம்பும் மூளைத்தண்டும் கெட்டிருக்கலாம். ஓஏஈ பாஸ் ஆகும், பெரா டெஸ்டில் (கேட்டல் நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்அலையைப் பதிவது) அலை வராது. இதுதான் ஆடிட்டரி நியூரோபதி. அதே பிலிருபின் பேசல் கேங்க்லியாவையும் தாக்கும், கைகால் முறுக்கிக்கொள்ளும் வகைப் பெருமூளை வாதம் வரும். ஆக, காமாலை விவரம் உள்ள குழந்தை "ஓஏஈ நார்மல்" என்ற சீட்டோடு வந்தால் பெரா எடுத்தார்களா என்று கேளுங்கள்.

படி 8: சாப்பிடுவதைப் பாருங்கள்

பேசும் தசைகளே மெல்லவும் விழுங்கவும் வேலை செய்கின்றன, நரம்புகளும் அதே ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு. பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு வீட்டில் என்ன கொடுக்கிறார்களோ அதையே கொண்டுவரச் சொல்லி ஊட்டிப் பார்ப்பது எந்தப் படிவத்தையும்விட அதிகம் சொல்லும்.

கஞ்சியும் பயறும் நம்மூரில் எல்லா வீட்டிலும் உண்டு. விழுங்கும் சிரமம் உள்ள குழந்தைக்கு அது கடினமான உணவு. நீர் முன்னே ஓடும், பயறு வாயிலேயே நிற்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். வெறும் புட்டு வாய்க்குள் உதிர்ந்து கன்னத்து ஓரமெல்லாம் சிதறும். அதே புட்டில் பழத்தைப் போட்டு நன்றாகப் பிசைந்து குழைத்தால் ஒன்றாகத் திரண்டு நிற்கும், நாக்கு பின்னுக்குத் தள்ள எளிது. தலை பின்னால் சாயாமல், இடுப்பு நேராக உட்கார வைத்து ஊட்டச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கொரகொரத்தால், மூச்சு வேகமானால், அடிக்கடி நிமோனியா வந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இருமல் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது. சில குழந்தைகளுக்குச் சத்தமே இல்லாமல் உள்ளே போகும். மாணவராக நீங்கள் தனியாக உணவு மாற்றிப் பரிசோதிக்காதீர்கள், மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 9: எப்போது, எங்கே அனுப்புவது

எந்த வயதிலும் இருந்த பேச்சு போய்விட்டது என்றால் காத்திருக்கவே கூடாது. ஒன்றரை வயதை ஒட்டிப் போனால் ஆட்டிசத்தை நினைக்கலாம். மூன்று வயதுக்கு மேல் நன்றாகப் பேசிய பிள்ளை திடீரென்று சொல்வது புரியாமல் விழித்தால், வலிப்பு வெளியே தெரியாவிட்டாலும் இஇஜி (மூளையின் மின்அலைப் பதிவு) எடுக்க நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். லாண்டாவ்-கிளெஃப்னர் என்ற அரிய கோளாறு இப்படித்தான் தொடங்கும், காது கேட்கவில்லை என்று தவறாக நினைத்துவிடுவார்கள்.

அரசு வழியில், 2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பார்க்கின்றன. அவர்கள் கண்டுபிடிக்கும் குழந்தைகளை மாவட்ட அளவிலான டிஇஐசி (குறையை ஆரம்பத்திலேயே கண்டு சிகிச்சை தரும்) மையத்துக்கு அனுப்புவார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியான குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்லியர் இம்ப்ளாண்ட் (உள்காதில் பொருத்தும் கேட்டல் கருவி) செய்ய வழி உண்டு. ஆறு வயது வரை நேரம் இருக்கிறது என்று மட்டும் பெற்றோரிடம் சொல்லாதீர்கள். முதல் இரண்டு வருடத்துக்குள் செய்தால் பலன் அதிகம். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பேச்சு மொழிக் குறைபாடும் செவிக்குறையும் ஆட்டிசமும் உண்டு. யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்கு விண்ணப்பிக்கும் வழியை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் "பேச்சுத் தாமதம், தயவுசெய்து பார்க்கவும்" என்று எழுதி அனுப்பினால் மருத்துவர் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும். இப்படி எழுதுங்கள்: "வயது 2 வருடம் 3 மாதம். 34-வது வாரத்தில் பிறப்பு, காமாலைக்கு ரத்தம் மாற்றப்பட்டது. ஓஏஈ இரு பக்கமும் பாஸ், பெரா எடுக்கப்படவில்லை. வார்த்தைகள் இல்லை, விரல் நீட்டிக் காட்டுகிறான். நாக்கு, உள்நாக்கு அசைவு சமம். கைகளில் முறுக்கல் அசைவு உண்டு. கேட்டல் பாதைக்கும் பேசல் கேங்க்லியாவுக்கும் மதிப்பீடு வேண்டுகிறேன்."